பதிவேட்டில் புகுந்த கள்ளப் பக்கம்
(தம்பதியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



‘உடம்பு தேறிடுச்சே, இன்னும் ஏன் தினமும் மாத்திரை விழுங்கணும்?’ என்று எச்.ஐ.வி. உள்ளவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பதில் நம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

ஒவ்வொரு உயிரணுவிலும் மரபணு என்ற பெரிய பதிவேடு உண்டு. உடம்புக்கு எது தேவையோ அந்தப் பக்கத்தை ஒரு குமாஸ்தா நகல் எடுத்துக் கொடுப்பார். ஆனால் கொஞ்சம் எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். ‘ம், மேலே எழுதுங்க’ என்று ஒருவர் வந்து முடுக்கவேண்டும். அப்படி முடுக்குகிற புரதங்களில் ஒன்றுதான் சைக்ளின் டி1. நமக்கு வேண்டிய நல்ல வேலையாள்.

எச்.ஐ.வி. கிருமி என்ன செய்கிறது? இரத்தத்தின் காவல் அணுக்களில் புகுந்து, நம் பதிவேட்டிலேயே தன் கள்ளப் பக்கத்தைச் சேர்த்துத் தைத்துவிடுகிறது. பிறகு ‘டாட்’ என்ற தன் ஆளை விட்டு, சைக்ளின் டி1-ஐக் கையோடு இழுத்து வருகிறது. குமாஸ்தாவும் கள்ளப் பக்கத்தையே நகல் நகலாக எழுதித் தள்ளுகிறார். கிருமி பெருகுகிறது, காவல் அணுக்கள் அழிகின்றன. இந்தச் சூழ்ச்சியை 1998-இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிலையத்தார் கண்டறிந்தார்கள். எலிக்கும் இந்தப் புரதம் உண்டு. ஆனால் அதில் ஓரிடத்தில் சிறு மாற்றம். டாட்டின் பிடி அங்கே சரியாக நிற்பதில்லை.

‘அப்போ நம்ம புரதத்தையே முடக்கிடலாமே?’ என்பீர்கள். முடக்கினால் நம் உடம்பின் வேலையும் நின்றுபோகும். ஆகவே இன்றைய ஏ.ஆர்.டி. மாத்திரைகள் கிருமியின் சொந்தக் கருவிகளைத்தான் தடுக்கின்றன. புது அணுக்களில் கள்ளப் பக்கம் ஏறாது. ஏற்கெனவே தைத்த பக்கமோ சில அணுக்களில் தூங்கிக்கொண்டிருக்கும். மாத்திரையை நிறுத்தினால் மறுபடி விழித்துக்கொள்ளும். அதனால்தான் தினமும் வேண்டும்.

விடாமல் சாப்பிட்டு, சோதனையில் தெரியாத அளவுக்குக் கிருமி குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. சிகிச்சை இல்லாவிட்டால், தொற்றுள்ள தாய்மாரின் 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்றலாம். முறையான சிகிச்சையில் 5-க்கும் கீழே குறைக்கலாம்.

ஐயா, பரிசோதனைக்கு மனைவியை மட்டும் அனுப்பாதீங்க; நீங்களும் கூட வாங்க. அம்மா, முடிவு எதுவானாலும் ஒருவரையொருவர் ஏச வேண்டாம். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், விவரம் இரகசியம். ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரையும் இலவசம். சந்தேகமிருந்தால் 1097 எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

கள்ளப் பக்கத்தைக் கிழித்தெறிய இன்னும் வழி வரவில்லை. ஆனால் அதைத் தூங்கவைக்கும் வழி உங்கள் கையில் இருக்கிறது.