கைக்குழந்தையோடு கிரிவலம்

நம் நெய்வேலியிலிருந்து கைக்குழந்தையோடு திருவண்ணாமலை கிரிவலம் போகிறவர்கள் உண்டு. 14 கிலோமீட்டர் நடை. நடக்கிற நமக்குத் தாகம் தெரியும். தோளில் தூங்கும் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது.

அதனால் பௌர்ணமிக் கூட்டத்தைத் தவிர்த்து, சாதாரண நாளில் விடியற்காலையில் கிளம்புங்கள். இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை வழியில் எட்டு லிங்கங்கள். ஒவ்வோர் இடத்திலும் குழந்தையை இறக்குங்கள். உடம்பு சுடுகிறதா, சிறுநீர் போயிருக்கிறதா என்று பார்த்து, பால் கொடுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். வெயிலானாலும் தண்ணீர் வேண்டாம். சுமக்கும்போது குழந்தையின் முகத்தைத் துணியால் மூடாதீர்கள்.

வேண்டுதலைப் பாதியில் விடக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். குழந்தை துவண்டால் யோசிக்காமல் ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் போங்கள். மலை எங்கும் போய்விடாது. இன்னொரு நாள் சுற்றலாம்.