படகுத்துறையில் படித்த பாடம்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "வெளிநாட்டுல முப்பது வருஷத்துக்கு மேல இருந்திருக்கீங்க, அந்த அனுபவத்தைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். "ஃபெர்ரியைப் பத்திப் பேசட்டுமா?" என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பேசுங்க சார், ஆனா பத்து நிமிஷம்தான்" என்றார். அந்த நிபந்தனையின் பேரில்தான் இங்கே நிற்கிறேன்.

நமக்கெல்லாம் ஃபெர்ரி என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது போட் மெயில். சென்னை எழும்பூரிலிருந்து இராமேஸ்வரம் போகும் இரயிலுக்கு ஏன் அந்தப் பெயர் என்று இன்றைய மாணவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தார்கள். அதே ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. இரயிலிலே போய் இறங்கி, கப்பலேறி, அக்கரையில் மறுபடி இரயிலேறி கொழும்பு போகலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து போனது. 1980-களில் அதுவும் நின்றுபோனது.

அந்தக் கப்பலில் நான் ஏறியதில்லை. சின்னப் பையனாக, கொழும்பில் கடை வைத்திருந்த பெரியப்பாவை வழியனுப்பப் போயிருக்கிறேன். அன்றைக்கு ஒன்று கவனித்தேன். இரயிலில் வழியனுப்பினால், விசில் ஊதிய அரை நிமிஷத்தில் முகம் மறைந்துவிடும். விமானத்தில் கேட்கவே வேண்டாம், கண்ணாடிக் கதவோடு சரி. கப்பல் அப்படியில்லை. கயிற்றை அவிழ்த்த பிறகும் பெரியப்பா எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார், நாங்களும் பார்த்துக்கொண்டே நின்றோம். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகும் நேரம் மிச்சம் இருந்தது. என் அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் 1984-இல் பினாங்கு போனேன். தீவில், ஜார்ஜ் டவுனில் ஒரு வர்த்தக நிறுவனத்தில் கணக்கு வேலை. வீட்டு வாடகை எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில்தான் எனக்குக் கட்டுப்படியானது. ஆகவே தினமும் காலையில் ஃபெர்ரியில் போய், மாலையில் ஃபெர்ரியில் திரும்ப வேண்டும். நடுவில் இருக்கும் கடல் சுமார் 3 கிலோமீட்டர்தான். ஒரு டீ குடித்து, பேப்பரில் தலைப்புச் செய்திகளைப் பார்த்து முடிப்பதற்குள் அக்கரை வந்துவிடும்.

அந்த ஃபெர்ரிக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான். இரண்டு முனையிலும் வண்டிகள் ஏறலாம், இறங்கலாம். திருப்ப வேண்டிய வேலையே கிடையாது. பெயர்கள் எல்லாம் தீவுகளின் பெயர்கள்: 'புலாவ் உண்டான்', 'புலாவ் ரிமாவ்', 'புலாவ் அங்சா' என்று. புலாவ் என்றால் மலாய் மொழியில் தீவு. முதல் நாள் அந்தப் பெயரைப் படித்துவிட்டு, உள்ளே சாப்பாடு உண்டு போல என்று நினைத்தவன் நான்!

அங்கே அன்றைய கட்டண முறை வேடிக்கையானது. தீவுக்குப் போகும்போதுதான் காசு. திரும்பி வர இலவசம். போனவன் எப்படியும் திரும்பித்தானே ஆகவேண்டும்? ஒரு கரையில் வசூலித்தால் போதும், இரண்டு கரையிலும் ஆள் போட வேண்டாம். கணக்குப் படித்த எனக்கு அதன் எளிமை பிடித்திருந்தது. ஒரு மாதக் கடைசியில் பையில் ஒரு காசு இல்லாமல் வீடு வந்து சேர்ந்ததும் அந்த எளிமையால்தான்.

நான் போன மறுவருடமே, 1985-இல், பினாங்குப் பாலம் திறந்தார்கள். மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர். "இனி ஃபெர்ரிக்கு ஆயுசு அவ்வளவுதான்" என்றார்கள் எல்லோரும். ஆனால் கூட்டம் குறைந்தபாடில்லை. பட்டர்வொர்த்தில் இரயில் நிலையமும் ஃபெர்ரித்துறையும் பக்கத்துப் பக்கத்தில். அக்கரையில் இறங்கினால் நடந்தே ஊருக்குள் போய்விடலாம். கார் இல்லாதவனுக்குப் பாலத்தால் என்ன பயன்?

தினமும் ஒரே படகில் போகிறவர்கள் ஒரு குடும்பம் மாதிரி ஆகிவிடுவோம். ஒரு சீன ஆசிரியை, நீதிமன்றத்தில் வேலை பார்த்த ஒரு மலாய்க்காரர், துறைமுகத் தொழிலாளியான ஒரு தமிழ் அண்ணன். அந்த அண்ணன்தான் எனக்கு மலாய் கற்றுக்கொடுத்தார். கடைக்காரரிடம் பேரம் பேசும் மலாய்தான், ஆனால் அதுவே முப்பது வருஷத்துக்குப் போதுமானதாக இருந்தது.

இப்போது மாணவர்கள், குறிப்பாகப் பொறியியல் பக்கம் போக நினைப்பவர்கள், கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். 1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. இக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழா. அக்கரையில் சீனர்களின் குவான்யின் விழா. இரண்டுக்கும் சேர்ந்த கூட்டம். பட்டர்வொர்த் ஃபெர்ரித்துறையில் பயணிகள் காத்திருந்த மேல்தளம், பாரம் தாங்காமல் இடிந்து விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் ஆயிரத்துக்கும் அதிகம்.

நான் அன்று வீட்டில் இருந்தேன். அண்ணன் அந்தக் கூட்டத்தின் கடைசியில் நின்றிருக்கிறார். தப்பித்தவர் ஓடிவிடவில்லை. இருட்டும்வரை ஆட்களைத் தூக்கியிருக்கிறார்.

அதற்குப் பிறகு எனக்கு ஃபெர்ரி பக்கமே போக மனம் வரவில்லை. கம்பெனி வேனில் பாலத்து வழியாகப் போக ஆரம்பித்தேன். ஏறினால் தூக்கம், இறங்கினால் வேலை. ஒரு வருஷம் அப்படிப் போனது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஒருநாள் மார்க்கெட்டில் அண்ணனைப் பார்த்தேன். "என்ன தம்பி, ஆளையே காணோம்?" என்றார். பயமாக இருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன். நீங்கள் எப்படி அண்ணே ஏறுகிறீர்கள் என்றும் கேட்டேன். அவர் சொன்னார்: "இடிஞ்சது நாம நின்ன இடம் தம்பி. படகு என்ன பண்ணுச்சு? அது பாட்டுக்கு வந்துதானே நின்னுச்சு."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். நாம் பயப்படுவதெல்லாம் கடலுக்கு. ஆனால் அன்று கடல் ஒன்றும் செய்யவில்லை. ஒரு இடத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்ற கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதுதான் அன்று நடந்தது. பாலம் கட்டுகிறவர்களும் மண்டபம் கட்டுகிறவர்களும் இந்த அரங்கிலிருந்து நாளை போகப் போகிறீர்கள். கட்டுவதோடு வேலை முடிவதில்லை. திருவிழா நாளன்று அங்கே எத்தனை பேர் நிற்பார்கள் என்று கேட்பதும் உங்கள் வேலைதான். மறுவாரமே நான் ஃபெர்ரிக்குத் திரும்பினேன்.

ஹாங்காங்குக்கு அலுவலக வேலையாகப் போனபோது ஸ்டார் ஃபெர்ரியிலும் ஏறினேன். அதன் முன்னோடியை 1888-இல் தொடங்கியவர் நம் நாட்டுப் பார்சி ஒருவர், தோராப்ஜி நவ்ரோஜி. இருக்கையின் சாய்மானத்தை இப்படித் தள்ளினால் ஒரு கரையைப் பார்க்கும், அப்படித் தள்ளினால் மறுகரையைப் பார்க்கும். 1966-இல் முதல் வகுப்புக் கட்டணத்தை 5 சென்ட் உயர்த்தப் போக, ஒரு இளைஞர் படகுத்துறையில் உண்ணாவிரதம் இருக்க, அது ஊர்க் கலவரமாகவே வெடித்தது. படகை மக்கள் தங்கள் சொத்தாக நினைத்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

2018-இல் ஓய்வுபெற்று ஊர் திரும்பினேன். 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு பினாங்கின் அந்தப் பழைய இரட்டைத்தளப் படகுகளை நிறுத்தினார்கள். பாலம் வந்து 35 வருஷம் தாக்குப்பிடித்திருக்கின்றன! கொரோனாக் காலம், நான் போக முடியவில்லை. அண்ணனின் மகன் கைப்பேசியில் ஒரு வீடியோ அனுப்பினான். அண்ணன் மேல்தளத்தில் நின்று, கரையிலிருப்பவர்களுக்குக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். என் பெரியப்பா நின்ற மாதிரியே. அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

2023 ஆகஸ்டில் அங்கே புதுப் படகுகள் வந்தன. மனிதர்களும் இரண்டு சக்கர வண்டிகளும் மட்டும், கார் கிடையாது. போன ஒரு பயணத்தில் ஏறிப் பார்த்தேன். நன்றாகவே இருக்கின்றன. பெயர்கள் இப்போது 'தெலுக்', அதாவது விரிகுடா. இங்கே நம் பக்கமும் 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கினார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு இராமேஸ்வரமும் அப்பாவும் நினைவுக்கு வந்தார்கள்.

ஃபெர்ரி ஏன் மனதில் நிற்கிறது? என் அனுபவத்தில் சொல்கிறேன். அங்கே காத்திருக்க வேண்டும். ஏறிய பின் வேகப்படுத்த நம் கையில் ஒன்றுமில்லை. பக்கத்தில் நிற்கிறவரும் அதே நிலைதான். வேறு வழியில்லாமல் பேசுகிறோம். அந்தப் பேச்சில்தான் எனக்கு ஒரு அண்ணன் கிடைத்தார். இந்தக் கல்லூரியின் வேப்பமரத்தடியில் எனக்கு நண்பர்கள் கிடைத்ததும் அப்படித்தான், அடுத்த வகுப்புக்குக் காத்திருந்த நேரத்தில்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காத்திருக்கும் நேரத்தில் கைப்பேசியைக் கொஞ்சம் பையில் வையுங்கள். பக்கத்தில் நிற்பவர் பெயரைக் கேளுங்கள்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கயிற்றை அவிழ்க்கும் நேரம் வந்துவிட்டது.