எந்த மொழியில் பரிசோதித்தார்கள்?



எம்மில் பலரின் பேரப்பிள்ளைகள் வீட்டில் தமிழும் வகுப்பில் வேறொரு மொழியும் பேசுகிறார்கள். அப்படியொரு பிள்ளை படிப்பில் பின்தங்கினால், விசேட கல்வி தேவையா எனப் பாடசாலை மதிப்பிடும். அப்போது, “எந்த மொழியில் பரிசோதித்தீர்கள்?” என்று நாம் கேட்க வேண்டும்.

கலிபோர்னியாவில் வீட்டில் ஸ்பானிய மொழி பேசிய பிள்ளைகளை ஆங்கிலத்தில் பரிசோதித்து, மனவளர்ச்சி குன்றியோருக்கான வகுப்பில் சேர்த்தார்கள். ஸ்பானிய மொழியில் மீண்டும் பரிசோதித்தபோது பெரும்பாலானோர் அந்த வகுப்புக்கு உரியவர்கள் அல்லர் எனத் தெரிந்தது. பெற்றோர் தொடுத்த வழக்கு 1970இல் இணக்கமாக முடிந்தது. பிள்ளையின் மொழியிலேயே பரிசோதிக்க வேண்டும், ஒரே பரிசோதனையை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று 1975ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் விதித்தது.

மறுபுறம், “மொழி பழகினால் சரிவரும்” என்று காத்திருந்து, உண்மையான குறைபாட்டைக் கவனியாமல் விடுவதும் உண்டு. பேச்சிலும் விளக்கத்திலும் உள்ள சிரமம் புதிய மொழியில் மட்டுமா, தமிழிலும் உண்டா? இதை அறிந்தவர்கள் வீட்டார்தான். பிள்ளை எப்போது பேசத் தொடங்கியது, அம்மம்மா சொல்லும் கதையை விளங்கிக்கொள்கிறதா என்பதைப் பாடசாலைக்குச் சொல்லுங்கள். கண்ணையும் காதையும் முதலில் பரிசோதியுங்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். இங்கிலாந்தில் பெற்றோரே உள்ளூராட்சிச் சபையிடம் மதிப்பீடு கோரலாம். மதிப்பிடுவதா இல்லையா என்ற முடிவை 6 வாரங்களுக்குள் சபை அறிவிக்க வேண்டும்.

எம்மில் ஆசிரியைகளும் வைத்தியர்களும் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். மொழி தெரியாமல் அந்தக் கூட்டத்துக்குத் தனியே போகும் இளம் தாயோடு ஒரு பழைய மாணவி துணைக்குப் போகட்டும்.