கையெழுத்துக்குப் பிறகு என்ன ஆனது?



போன மாதம் என் அண்ணன் மகள் இரண்டு பணி நியமனக் கடிதங்களோடு வீட்டுக்கு வந்தாள். ஒன்று, ஒரு வங்கியின் இடர் மேலாண்மைப் பிரிவில் வேலை. இன்னொன்று, வங்கிகளுக்கு அதே துறையில் ஆலோசனை சொல்லும் கன்சல்டிங் நிறுவனத்தில். "எதில் சேரட்டும் சித்தப்பா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

கொடுத்த கடன் திரும்புமா? வட்டி ஏறினால் கையிலுள்ள பத்திரங்களின் மதிப்பு எவ்வளவு இறங்கும்? உள்ளே இருப்பவரே தவறு செய்தால் யார் கண்ணில் படும்? இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து வைப்பதுதான் இடர் மேலாண்மை எனும் ரிஸ்க் துறையின் வேலை.

வங்கியில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு நடைமுறை மூலதனக் கடன் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி மாதாமாதம் சரக்கு இருப்புக் கணக்கு தரும். அதை வைத்துத்தான் எவ்வளவு பணம் எடுக்கலாம் என்பது முடிவாகும். மூன்று மாதமாகச் சரக்கு மதிப்பு ஏறுகிறது. அதே மூன்று மாதமாகக் கரண்ட் பில் இறங்குகிறது. மெஷின் ஓடாமல் சரக்கு எப்படிச் சேர்ந்தது? சரக்கு விற்காமல் தேங்குகிறதா, அல்லது கணக்கில் மட்டும் இருக்கிறதா? கிடங்குக்கு நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

தவணை 90 நாளுக்கு மேல் தவறினால் அது வாராக்கடன் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த நாள் வருவதற்கு முன்பே சந்தேகப்படக் கற்றுக்கொள்கிறவர்தான் நல்ல ரிஸ்க் அதிகாரி. ஆறு மாதம் கழித்துத் தன் சந்தேகம் சரியா, தப்பா என்று அவருக்கே தெரிந்துவிடும். அந்தப் பாடம் எந்த வகுப்பிலும் கிடைக்காது.

கன்சல்டிங்கின் பலமும் சின்னதல்ல. ஓரிரு ஆண்டுகளில் பல வங்கிகளின் உள்ளமைப்பைப் பார்த்துவிடலாம். கடன் தவறும் வாய்ப்பைக் கணிக்கும் மாதிரிகளைச் சோதிக்கலாம். சிக்கலானதை இயக்குநர் குழுவுக்குப் புரியும்படி இரண்டு பக்கத்தில் எழுதப் பழகலாம். ஆனால் திட்டம் முடிந்ததும் அடுத்த ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும். நாம் சொன்ன யோசனையை அவர்கள் செய்தார்களா, செய்து பலித்ததா என்பது பெரும்பாலும் காதுக்கு வராது.

சொன்ன யோசனை நடக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பேரிங்ஸ் என்ற வங்கியின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் சிங்கப்பூர் அலுவலகத்தில் நிக் லீசன் என்ற ஒரே மனிதர் வணிகமும் செய்தார், அதற்குக் கணக்குத் தீர்க்கும் பிரிவையும் கவனித்தார். இது ஆபத்து, இரண்டையும் பிரியுங்கள் என்று 1994இல் உள்தணிக்கை அறிக்கையே சொன்னது. பிரிக்கவில்லை. 1995 பிப்ரவரியில் 80 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டப்பட்டு, இருநூறு ஆண்டுக்கு மேல் பழமையான அந்த வங்கி விழுந்தது. ஒரே ஒரு பவுண்டுக்கு விற்கப்பட்டது. அங்கே அறிக்கை இல்லாமல் போகவில்லை. எழுதியது நடந்ததா என்று விடாமல் கேட்க ஆள் இல்லாமல் போனது.

அதனால் என் கருத்து இது. முதல் மூன்று ஆண்டு வங்கியில் இருங்கள். அதற்குப் பிறகு கன்சல்டிங் போனால், நீங்கள் சொல்லும் யோசனைக்கு ஒரு கனம் இருக்கும். ஆனால் வங்கி என்ற பெயரை மட்டும் பார்த்துச் சேர்ந்துவிடாதீர்கள். "கடன் கோப்புகளை நான் பார்ப்பேனா, அல்லது அட்டவணை நிரப்புவது மட்டும்தான் வேலையா?" என்று நேர்முகத்திலேயே கேளுங்கள். அட்டவணைதான் என்றால், மாதிரிகளை ஆழமாகச் சோதிக்கும் கன்சல்டிங் குழுவே மேல்.

அண்ணன் மகள் அந்தக் கேள்வியை இரண்டு இடத்திலும் கேட்டாள். கோப்பைக் கையில் கொடுப்பதாகச் சொன்ன வங்கியில் சேர்ந்துவிட்டாள். நீங்களும் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் அதைக் கேளுங்கள்.