பருகுவன அறிந்து பருகுதல்

(மஹாவீர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எதை உண்பது, எதை விலக்குவது என்பது சமண இல்லங்களில் வழிவழியாகப் பேசப்பட்டு வருவது. பருகுவன பற்றிய பேச்சோ குறைவு. ஆயினும் உண்பது நாளில் இருமுறை, மும்முறை, பருகுவது பலமுறை. எனவே அதைப் பற்றிய தெளிவும் வேண்டற்பாலது.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து நகரத்திற்குக் குடிபெயர்ந்த ஓர் இல்லத்தை எண்ணிப் பார்க்கலாம். பாட்டிக்கு நீரிழிவு; மருமகளுக்கு இரத்தசோகை; பேரனுக்கு வயது பத்து. கைப்பேசியில் ஒருநாள் வந்த செய்தி, வெந்நீரில் தேன் கலந்து பருகுக என்கிறது. மறுநாள் வந்தது காப்பியை நஞ்சு என்கிறது. மூன்றாம் நாள் அதே காப்பி மருந்தாகிவிடுகிறது. உறவினர் ஒருவர் சத்துமாவுப் பானத்தையும், மற்றொருவர் பழச்சாற்றையும் பரிந்துரைக்கின்றனர். இவற்றுள் எதை ஏற்பது என்று மருமகள் திகைத்து நிற்கிறார். இத்திகைப்பு இன்று பல இல்லங்களுக்கும் பொதுவானது.

அறிவுரைகள் ஏன் மாறுகின்றன? காப்பியையே சான்றாகக் கொள்ளலாம். உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 1991 இல் காப்பியை, புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியவற்றின் பட்டியலில் வைத்தது. சான்றுகள் பெருகிய பின், 2016 இல் அப்பட்டியலிலிருந்து அதை நீக்கிற்று. அப்போதே வேறோர் எச்சரிக்கையையும் தந்தது: 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட கடுஞ்சூட்டில் எந்தப் பானத்தைப் பருகினும் உணவுக்குழாய்க்குத் தீங்கு நேரலாம். காப்பியை டபராவில் ஆற்றிப் பருகும் வழக்கம் எத்துணை நன்று என்பது இதனால் விளங்கும்.

இங்கே அறிவியல் தடுமாறவில்லை. தன் கூற்றைத் தானே திருத்திக்கொண்டது. ஒரு பொருளை ஒருதலையாக நோக்கி, 'இதுவே முடிவு' என்று துணியலாகாது என்பதே அநேகாந்தம் கற்பிக்கும் பாடம். 'இது நல்லதா, கெட்டதா?' என்னும் வினாவைக் காட்டிலும், 'யாருக்கு, எவ்வளவு, எப்போது?' என்னும் வினாவே பயன் தரும்.

முதலில் நீர். நீரை இருமடித்த துணியில் வடிகட்டிப் பருகுவது, சிற்றுயிர்க்கும் ஊறு செய்யாமை கருதி ஏற்பட்ட வழக்கம். அவ்வறம் உடலையும் காத்தது. நரம்புச்சிலந்தி நோயைப் பரப்பியது, குளத்து நீரில் வாழும் ஒரு நுண்ணுயிரி. துணியில் வடிகட்டினால் அது தங்கிவிடும். இவ்வெளிய முறை பெருந்துணை புரிய, 2000 ஆம் ஆண்டில் இந்தியா அந்நோய் அற்ற நாடாக அறிவிக்கப்பெற்றது. வங்கதேசச் சிற்றூர்களில், பழஞ்சேலையைப் பலமடியாக மடித்து நீரை வடிகட்டியபோது, வாந்திபேதி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2003 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. எனினும் துணி எல்லாக் கிருமியையும் தடுப்பதன்று. வடிகட்டிய நீரைக் காய்ச்சுதலும் வேண்டும். தாகம் தீர்க்க அதனினும் சிறந்த பானம் பிறிதில்லை.

அடுத்தது காப்பியும் தேநீரும். மரக்கறி உண்போர்க்கு இரும்புச்சத்து கீரை, பயறு, தானியம் ஆகியவற்றிலிருந்தே கிடைக்கிறது. அதை உடல் ஏற்பது எளிதன்று. உணவோடு தேநீரோ காப்பியோ பருகினால் அதிலுள்ள துவர்ப்புப்பொருள் அச்சத்தை மேலும் தடுத்துவிடும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மகளிருள் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர். ஆகவே உணவுக்கு ஒரு மணி முன்னும் பின்னும் இவற்றைத் தவிர்க்குமாறு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024 ஆம் ஆண்டு வழிகாட்டி அறிவுறுத்துகிறது. மாறாக, உணவோடு எலுமிச்சையோ நெல்லியோ சேருமானால் இரும்புச்சத்து நன்கு சேரும். காப்பியை முற்றும் துறக்க வேண்டுவதில்லை. வேளையை மாற்றினாலே போதும்.

இனித் தேன். விலக்கத்தக்கவற்றுள் மதுவையும் ஊனையும் அடுத்துத் தேனையும் வைத்தது சமணம். 'மருந்துக்குத்தானே, சிறிது கொள்ளலாமே' என்று அண்டை அயலார் அந்தப் பாட்டியை வற்புறுத்துகின்றனர். அவர் மறுக்கிறார். மறுப்பதால் உடல்நலம் இழக்கிறோமோ என்னும் ஐயம் அவர் உள்ளத்தில் எழுகிறது. அவ்வையத்திற்கு இடமில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2015 இல் வகுத்த வரையறையில், சருக்கரை, தேன், பழச்சாறு ஆகிய மூன்றின் இனிப்பும் குறைக்கத்தக்க ஒரே இனமாகவே எண்ணப்பட்டுள்ளன. வெல்லமும் பனங்கற்கண்டும் சருக்கரையே. நாளொன்றுக்கு 25 கிராம், அதாவது ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி அளவுக்குள் நிற்பது நன்று. 300 மில்லி குளிர்பானம் ஒன்றிலேயே 30 கிராம் அளவு சருக்கரை இருக்கக் கூடும். பழத்தைப் பிழியாது பழமாகவே உண்பதே தக்கது.

பேரன் விரும்பும் சத்துமாவுப் பானங்களையும் நோக்குதல் வேண்டும். 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆரோக்கிய பானம்' என்றொரு வகைக்கு வரையறையே இல்லை. அப்பெயரில் இத்தகையவற்றை இணையத்தில் விற்றலாகாது என்று 2024 ஏப்ரலில் அரசு அறிவுறுத்தியது. புட்டியின் முன்புறத்துப் படத்தை விடுத்து, பின்புறத்துச் சிற்றெழுத்தில் சருக்கரையின் அளவைப் படிப்பதே அறிவுடைமை.

பாலையும் மோரையும் பற்றி ஒரு சொல். அகிம்சை கருதிப் பாலையும் விடத் துணியும் இளையோர் இன்று உளர். அவர்தம் கருத்து மதிக்கத்தக்கது. ஆயின் மரக்கறி உண்போர்க்குப் பி12 என்னும் உயிர்ச்சத்து பாலாலும் தயிராலுமே பெரிதும் கிடைக்கிறது. பாலை விடுவோர் மருத்துவரைக் கேட்டு அச்சத்தை வேறு வழியால் பெறுதல் இன்றியமையாதது. நல்லவை என்று பெயர் பெற்றவற்றிலும் ஆளறிந்து அளித்தல் வேண்டும். மிகு இரத்த அழுத்தம் உடையவர்க்கு மோரில் உப்பைக் குறைக்க வேண்டும். சிறுநீரக நோயாளர்க்கு இளநீர், அதன் பொட்டாசியத்தால், தீங்காகவும் முடியும்.

நோன்பிருப்போர்க்கும் இதுவே நெறி. இன்சுலினோ மாத்திரையோ கொள்ளும் முதியவர், கதிர் மறைந்தபின் ஒன்றும் உண்ணாதிருப்பின், இரவில் இரத்தச் சருக்கரை அளவுக்கு மீறித் தாழக் கூடும். தம் நோன்பை மருத்துவரிடம் மறையாது சொல்லி, மருந்தின் அளவையும் வேளையையும் அமைத்துக்கொள்ளல் வேண்டும். பதினாறு பாவனைகளுள் தம் ஆற்றலுக்கேற்பத் தவம் செய்தலும் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அந்த இல்லத்திற்குத் திரும்புவோம். பாட்டி தேனை மறுத்தது தவறன்று. வடிகட்டிக் காய்ச்சிய நீரும் சருக்கரையற்ற மோரும் அவருக்குப் போதும். மருமகள் உணவை ஒட்டிய காப்பியைத் தள்ளிவைத்து, மருத்துவர் தந்த இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாது கொள்வாராக. பேரனுக்கு வெறும் பாலும் ஒரு கொய்யாப்பழமும் நிறைவு தரும். இவற்றுள் ஒன்றேனும் செலவு மிக்கதன்று.

பங்குனி வெயிலில் விழாவிற்கு வரும் சிறுவர்க்கு வண்ணக் குளிர்பானத்திற்கு மாற்றாக நீர்மோரும் எலுமிச்சை நீரும் வழங்குதல், ஜினாலயங்களிலேயே தொடங்கத்தக்க நல்வழக்கம். உடல் அறம் செய்தற்குரிய கருவி. அக்கருவியை அறமும் அறிவும் ஒருசேரக் காக்க.