குன்னூரில் குடிபுகுந்த தளபதி



“நம் ஊர் எது?” என்று நம் குழந்தைகள் கேட்கின்றனர். தெற்கிலிருந்து வடக்கே வந்தவர்கள் நாம். பீல்டு மார்ஷல் மானெக்சாவோ 1914-இல் அமிர்தசரசில் பார்சிக் குடும்பத்தில் பிறந்து, நம் நீலகிரியில் குடிபுகுந்தவர்.

1942-இல் பர்மாப் போரில் குண்டடிபட்டும் உயிர் பிழைத்தார். 1971-இல் தரைப்படைத் தலைவராக நின்று வெற்றி கண்டார். 1973-இல் ஓய்வு பெற்றபின், 1939-இல் கைப்பிடித்த சில்லு அம்மையாருடன் குன்னூரில் இனிதே இல்லறம் நடத்தினார். இரு பெண்மக்களின் தந்தை அவர்.

அம்மையார் 2001-இல் மறைந்தார். 2008-இல் வெலிங்டனில் கண்மூடிய தளபதி, உதகைப் பார்சி இடுகாட்டில் துணைவியின் அருகிலேயே துயில்கின்றார்.

பிறந்த மண்ணை மறவாமல், வாழும் மண்ணையும் சொந்தமாக்கிக் கொள்வோம். நம் குழந்தைகளுக்கு நாம் கூறும் விடை அதுவேயாகுக.