மீனில் புழு இருந்தால் கூடையைக் கொட்ட வேண்டுமா?

(மீன் விற்கும் குழு உறுப்பினர்களுக்கான கூட்டத்தில் பேசியது)



நாங்கள் காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, திருவொற்றியூர், எண்ணூர் தெருக்களில் விற்கிற குழு. உங்களில் சிலர் அதே மீனை மீஞ்சூர், பொன்னேரி பக்கத்துக் கிராமங்களுக்குக் கூடையில் கொண்டு போகிறீர்கள். விற்காமல் வாங்கிச் சமைக்கிறவங்களும் இங்கே இருக்கீங்க. எல்லாருக்கும் பொதுவான ஒரு விஷயத்தைப் பேச வந்திருக்கோம். மீன் சதைக்குள்ளே இருக்கிற வெள்ளைப் புழுதான் அது.

பாறை, களவா, கத்தாளை, சில நேரம் வஞ்சிரம் கூட வெட்டும்போது பார்த்திருப்பீங்க. சதைக்கு நடுவிலே அரிசி மாதிரியோ, சேமியா மாதிரியோ வெள்ளையா ஒண்ணு இருக்கும். சுற்றி மெல்லிசா ஒரு பை. கீறினா லேசா நெளியும். பார்த்த உடனே வாங்கினவங்க, "அழுகின மீனைக் குடுத்துட்டியா"ன்னு சண்டைக்கு வந்துடறாங்க. ஒரு வீட்டில் கிளம்பின பேச்சு தெரு முழுக்கப் போனால் அன்றைய வியாபாரம் அவ்வளவுதான். குழுவில் உள்கடன் வாங்கி மீன் எடுத்தவளுக்கு அது சின்ன நஷ்டம் இல்லை. பயந்துபோய் முழுக் கூடையையும் பாதி விலைக்குத் தள்ளிவிட்டவங்க எங்க குழுவிலேயே உண்டு.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அந்த மீன் அழுகினது இல்லை. கடலில் உயிரோடு நீந்தும்போதே அந்தப் புழு அதற்குள் இருந்தது. அது தட்டைப்புழு இனம். அதிலும் நாடாப்புழு வகையின் குஞ்சு. தாய்ப்புழு வாழ்வது சுறா, திருக்கை இவற்றின் குடலில். அதன் முட்டை கழிவோடு கடலில் விழுகிறது. நம்ம கூனியை விடவும் பொடிசான ஓட்டு உயிரிகள் முட்டையிலிருந்து வரும் குஞ்சை விழுங்குகின்றன. அவற்றைச் சின்ன மீன் தின்னும், சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும். அங்கே சதையிலோ வயிற்றுக்குள்ளோ பை கட்டிக்கொண்டு காத்திருக்கும். என்றைக்காவது ஒரு சுறா அந்த மீனைப் பிடித்துத் தின்றால்தான் அது முழுப் புழுவாக வளர முடியும். அதன் தலையில் கொக்கி வைத்த நாலு சாட்டை இருக்கும். சுறாவின் குடலில் மாட்டிக்கொள்ளத்தான் அந்தக் கொக்கி. நம்ம வயிறு அதற்கு வேண்டாத இடம்.

இதில் ஒரு வேடிக்கை. 1902-ல் இலங்கை முத்துக் குளிப்பு ஏன் குறைகிறது என்று ஆராய ஹெர்ட்மன் என்ற அறிஞரும் ஜேம்ஸ் ஹார்னெலும் மன்னார் வளைகுடாவுக்குப் போனாங்க. சிப்பிக்குள் நாடாப்புழுக் குஞ்சைக் கண்டு, முத்து உண்டாவதற்கே இதுதான் காரணம் என்று சொன்னாங்க. பிறகு அதை நிறையப் பேர் ஏற்கவில்லை. அந்த ஹார்னெல் பின்னாளில் சென்னை மாகாண மீன்துறைக்கு இயக்குநராக இருந்தவர். நம்ம காலத்திலும் ஒரு பெண் இந்த வேலையைச் செய்திருக்கிறார். ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் ஆர். மாதவி, விசாகப்பட்டினக் கடல் மீன்களின் தட்டைப்புழுக்களைப் பல வருஷம் ஆராய்ந்து, 2018-ல் இன்னொருவரோடு சேர்ந்து இந்தியக் கடல் மீன் புழுக்களைப் பற்றிப் பெரிய புத்தகமே போட்டார். மீன் குடலைக் கிளறுவது கேவலமான வேலை இல்லைன்னு இதைக் கேட்டு எங்களுக்கு ஒரு சந்தோஷம்.

கொடுவா வளர்க்க நினைக்கும் குழுக்களுக்கு ஒரு வார்த்தை. 1997-ல் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் கொடுவாவைக் குஞ்சு பொரிக்க வைத்தது. அதன்பின் பல இடங்களில் வளர்க்கிறாங்க. கூண்டில் நெருக்கி வளர்த்தால் வேறு வகைத் தட்டைப்புழு தோலிலும் செவுளிலும் ஒட்டும். இதற்குச் சுறாவும் வேண்டாம், கூனியும் வேண்டாம். ஒரு மீனிலிருந்து அடுத்த மீனுக்கு நேராகவே போகும். முட்டை வலையில் சிக்கி நிற்கும், அதனால் வலையை அடிக்கடி சுத்தம் செய்யணும். தோலில் ஒட்டினது உப்பில்லாத நல்ல தண்ணீரில் சில நிமிஷம் வைத்தால் உதிரும். செவுளுக்குள் போனது அவ்வளவு சுலபமாகப் போகாது.

சரி, சாப்பிடலாமா? புழு இருக்கிற இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். உள்சதை வரை வெந்தால் எந்தப் புழுவும் செத்துவிடும். தாய்லாந்தில் ஆற்று மீனைப் பச்சையாகத் தின்றவர்களுக்குத் தட்டைப்புழுவால் பித்தநாளப் புற்று வந்திருக்கிறது. அது ஆற்று மீன், அதுவும் பச்சையாக. கடல் மீனின் வயிற்றில் சுருள் கம்பி போலச் சுருண்டிருக்கும் உருளைப்புழுவும் பச்சையாகத் தின்றால் வயிற்றைப் பிடிக்கும். நாம குழம்பு கொதிக்க வைத்துத்தான் இறக்குகிறோம். மேலே ஈ முட்டையிட்டு நெளிகிற புழு மட்டும் வேறு கதை. அது நாள்பட்ட மீன், சரியாகக் காயாத கருவாடு. அதை விற்கவே கூடாது.

இன்னொண்ணும் கேக்கறாங்க. "எண்ணூர் மீன்தானே, சாம்பலும் எண்ணெயும் தின்னுதான் புழு வந்துச்சா?" இதற்கு நேராகப் பதில் சொல்லணும். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் வந்தது. அப்போது எங்க மீனை யாரும் தொடவில்லை. அந்தப் பயம் நியாயமானது. சதையில் இருக்கிற இந்தப் புழு எண்ணெயால் வந்தது இல்லை, சுறாவும் திருக்கையும் இருக்கிற கடலில் எங்கேயும் இருக்கும். புழு வெந்தால் சாகும். எண்ணெய் வாடையும் சாம்பலில் வரும் உலோகமும் வேகவைத்தாலும் போகாது. அதனால எண்ணெய் வாடை வருகிற மீனை எடுக்காதீங்க, லாபம் போனாலும் பரவாயில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் நல்ல மீனைக் கொட்டிவிட்டுக் கெட்டதை விற்போம்.

விற்கும்போது இப்படிச் செய்யறோம். வெட்டும்போதே புழு தெரிந்தால் மறைக்கிறதில்லை. வாங்குகிறவங்க கண் முன்னாடி அந்தத் துண்டை எடுத்துப் போட்டு, அதற்குரிய எடையைக் கழித்துக் கொடுப்போம். நிறைய இருந்தால் அந்த ஒரு மீனை மட்டும் ஒதுக்கிடுவோம், கூடையை இல்லை. வித்தியாசமான புழு கண்டால் அந்தத் துண்டைக் கவரில் போட்டு ஐஸில் வைங்க. என்ன மீன், என்னிக்குப் பிடிச்சது, எந்தப் பக்கம் வலை போட்டாங்க என்று ஒரு சீட்டில் எழுதி, பொன்னேரி டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரியில் கேளுங்க. போகும்போது இரண்டு பேராகப் போங்க, சொன்னதை அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லாருக்கும் சொல்லி, தீர்மானப் புத்தகத்திலும் எழுதி வைங்க.